கார்வாரில் கரையேறிய ஏவுகணைப் படகு

பெங்களூரில் மாலை ஏறினால் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் மறுநாள் காலையில் கார்வாரில் இறக்கிவிடும். சக்லேஷ்பூர் மலைப்பாதை இருட்டிலேயே கழிந்துவிடுகிறது. விடிந்தபின் வருவதுதான் பார்க்க வேண்டிய பாதை. ஹொன்னாவரில் ஷராவதி, குமட்டா அருகே அகநாசினி, அங்கோலாவுக்கு முன்னால் கங்காவளி என்று மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஓடிவரும் ஆறுகளை, அவை கடலைத் தொடுவதற்குச் சற்று முன்பாக ரயில் கடக்கிறது. ஆறு முடிந்தால் சுரங்கம். சுரங்கம் முடிந்தால் தென்னந்தோப்பு, ஓட்டு வீடு, மறுபடி ஓர் ஆறு. இவ்வளவு முகத்துவாரங்களும் மறைவிடங்களும் உள்ள ஒரு கரையை யார் எப்படிக் காவல் காப்பது என்ற கேள்வி அந்த ஜன்னலோரத்திலேயே மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

எதிர் இருக்கையில் மாமா. தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். எழுபதுகளின் கடைசியில் கடற்படையில் சேர்ந்து, லோனாவாலாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜியில் எஞ்சின் வேலை படித்து, மும்பையில் ஏவுகணைப் படகுகளின் எஞ்சின் அறையில் இளமையைக் கழித்தவர். 'மிசைல் போட்' என்றுதான் இன்றும் சொல்வார். ஓய்வுக்குப் பிறகு அந்த வகைப் படகு ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. கார்வார் கடற்கரையில் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், போவோமா என்று கேட்ட அன்றே பையை எடுத்துவைத்துவிட்டார்.

ரயில் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி, உள்ளே இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோவில் கடற்கரைக்கு வந்தோம். கோவாவுக்குப் போகும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கடலை ஒட்டியே ஓடுகிறது. சாலைக்கு ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் மணல். கடற்கரைக்கு ரவீந்திரநாத் தாகூரின் பெயர். அவருடைய அண்ணன் சத்யேந்திரநாத் இங்கே மாவட்ட நீதிபதியாக இருந்தபோது, இளைஞராக வந்து தங்கிய தாகூர், தம்முடைய ஆரம்பகால நாடகங்களில் ஒன்றை இந்த ஊரில்தான் எழுதினார். வடக்கே காளி நதி கடலில் கலக்கிறது. அதற்கப்பால் சதாசிவகட் குன்று. அலைகள் பெரிதாக இல்லை. தீவுகள் பல முன்னால் நின்று கடலின் வேகத்தைத் தாங்கிக்கொள்கின்றன. கடற்படை தன் தளத்துக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தத் தீவுகளும் ஒரு காரணம்.

படகுக்கு அருகில் முதலில் கண்ணில் பட்டது ஒரு ராணுவ வீரரின் சிலை. மேஜர் ராம ராகோபா ராணே. இதே வட்டாரத்தின் சென்டியா கிராமத்தோடு தொடர்புடையவர். 1948 ஏப்ரலில் நௌஷேராவிலிருந்து ரஜௌரிக்குப் போகும் வழியில், எதிரியின் குண்டுமழைக்கு நடுவே கண்ணிவெடிகளையும் சாலைத் தடைகளையும் அகற்றி டாங்கிகளுக்குப் பாதை திறந்துவிட்டவர். பரம்வீர் சக்கர விருதை உயிரோடு இருந்து பெற்ற சிலரில் ஒருவர். தரைப்படைப் பொறியாளரான அவரும் கடற்படையின் சின்னப் படகும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. இருவர் செய்ததும், பெரிய படை போவதற்கு முன்னால் போகிற வேலை.

ஐ.என்.எஸ். சபல் சிமென்ட் மேடையில் ஏறி நிற்கிறது. நீளம் 39 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் எட்டு மீட்டருக்கும் குறைவு. முழுப் பாரத்தோடு 245 டன். மும்பைத் துறைமுகத்தில் போர்க்கப்பல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஏதோ ஒரு கப்பலுக்குத் துணையாக வந்த படகு என்றே தோன்றும். ஆனால் மேல்தளத்தின் இரு பக்கமும், முன்னோக்கிச் சற்றே நிமிர்ந்தபடி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பெரிய உருளைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமும் இரண்டு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ஓர் ஏவுகணை. முன்னாலும் பின்னாலும் 30 மில்லிமீட்டர் இரட்டைக் குழல் பீரங்கிகள். இந்தச் சின்ன உடம்பில் இவ்வளவு ஆயுதமா என்ற வியப்பு அடங்க நேரம் பிடித்தது.

உள்ளே நுழையும் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓர் அப்பா தன் மகனிடம், கராச்சியைத் தாக்கிய படகு இதுதான் என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மாமா என் தோளைத் தொட்டார்.

"மருமவனே, இது கராச்சிக்குப் போன போட் இல்ல, கேட்டியா. அந்த எட்டும் வேற. இது அதுக்கு அடுத்த செட்டு. அந்த உருளையப் பாரு. அதுல உருளை கெடையாது, பெட்டி மாதிரி இருக்கும்."

அவர் சொன்னது சரி. சோவியத் யூனியன் இந்த வகையில் இரண்டு தலைமுறைப் படகுகளைக் கட்டியது. முதல் தலைமுறையில் ஏவுகணைகள் பெட்டி போன்ற அறைகளுக்குள் சிறகு விரித்தபடியே இருந்தன. இரண்டாம் தலைமுறையில் சிறகை மடக்கி வைக்க முடிந்ததால் அறை உருளையாகச் சுருங்கியது. 1971 போருக்குப் போனவை முதல் தலைமுறை எட்டுப் படகுகள். சபல் இரண்டாம் தலைமுறை. அது படையில் சேர்ந்ததே 1976 நவம்பரில்தான். 2005 மே மாதம் ஓய்வு பெற்று, மறு ஆண்டு நவம்பரில் இங்கே காட்சிக்கு வந்தது. போருக்குப் போகாததால் சபலுக்கு எந்தக் குறையும் இல்லை. கிட்டத்தட்ட முப்பது வருடம் மேற்குக் கடலில் காவல் நின்ற படகு அது. அதன் சொந்த வரலாற்றைச் சொன்னாலே போதும், இன்னொன்றின் வரலாற்றை அதன்மேல் போர்த்த வேண்டியதில்லை.

அந்த எட்டின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் கரையோரக் காவலுக்கென்று கட்டப்பட்ட ஒரு சின்னப் படகு என்ன செய்ய முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டியவற்றில் அவையும் உண்டு. 1965 செப்டம்பரில் பாகிஸ்தான் கப்பல்கள் குஜராத் கரைக்கு வந்து துவாரகையின்மேல் குண்டு வீசிவிட்டுத் திரும்பின. சேதம் பெரிதில்லை. ஆனால் கடற்படைக்கு அது ஆறாத காயம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1967 அக்டோபர் 21 அன்று, எகிப்தின் சிறு ஏவுகணைப் படகுகள் போர்ட் சயீத் அருகே இஸ்ரேலின் எய்லத் என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. 47 பேர் இறந்தார்கள். ஒரு கப்பலிலிருந்து ஏவிய ஏவுகணை இன்னொரு கப்பலை மூழ்கடித்தது அதுவே முதல் முறை. எல்லா நாட்டுக் கடற்படைகளும் அன்றைக்குக் கணக்கை மாற்றிப் போடத் தொடங்கின.

இந்தியா சோவியத்திடம் எட்டுப் படகுகள் வாங்கியது. நம் மாலுமிகள் விளாடிவோஸ்டோக்கின் கடுங்குளிரில் மாதக்கணக்கில் தங்கி, ரஷ்ய மொழி கற்று, அந்த மொழியிலேயே படகை ஓட்டப் பழகினார்கள். 1971 தொடக்கத்தில் படகுகள் சரக்குக் கப்பல்களின் மேல்தளத்தில் வந்து சேர்ந்தன. அவற்றைத் தூக்கி இறக்கும் அளவுக்குப் பெரிய பளுதூக்கி அப்போது பம்பாயில் இல்லை. கல்கத்தாவில் இறக்கினார்கள். அங்கிருந்து கயிறு கட்டி, இந்தியத் தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு பம்பாய் வரை இழுத்து வந்தார்கள். அந்த எட்டுப் படகுகளும் நம் சோழமண்டலக் கரைக்கு வெளியே, கன்னியாகுமரியைத் தாண்டி, கப்பல்களின் வாலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கின்றன.

இந்த இழுவைப் பயணத்தில்தான் கராச்சித் தாக்குதலுக்கான சாவியும் இருந்தது என்பது என் எண்ணம். இந்தப் படகுகளின் பெரிய குறை தூரம். முழு வேகத்தில் ஓடினால் சில நூறு கடல் மைலில் எரிபொருள் தீர்ந்துவிடும். பம்பாயிலிருந்து கராச்சிக்குப் போகவே ஏறத்தாழ ஐந்நூறு கடல் மைல். சோவியத் நிபுணர்கள் இவற்றைத் துறைமுகத்தின் வாசலில் நிறுத்தி வைக்கும் காவலாளிகளாகவே வடிவமைத்திருந்தார்கள். வாசல் காவலாளியை எதிரியின் வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தினால் என்ன என்று நம்மவர்கள் யோசித்தார்கள். அப்போது கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் எஸ்.எம். நந்தா கராச்சித் துறைமுகத்தின் மனோரா தீவில் வளர்ந்தவர். அந்தத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் எங்கே இருக்கின்றன என்பது அவருக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். பெரிய கப்பல்கள் கயிறு கட்டி இழுத்துச் செல்லும் பயிற்சி நடந்தது. வழியில் எண்ணெய் நிரப்ப போஷக் என்ற எண்ணெய்க் கப்பல். துணைக்குக் கில்டன், கச்சல் என்று இரண்டு போர்க்கப்பல்கள்.

1971 டிசம்பர் 4 இரவு. நிபாத், நிர்காத், வீர் மூன்றும் தெற்கிலிருந்து கராச்சியை நெருங்கின. இருபத்தைந்தாவது ஏவுகணைப் படகு அணியின் தலைவர் கமாண்டர் பப்ரு பான் யாதவ் நிபாத்தில் இருந்தார். தகவல் தொடர்பில் ரஷ்ய மொழியையே பயன்படுத்தினார்கள். ஒட்டுக் கேட்கிறவர்களுக்கு இந்தியப் படகுகள் என்ற ஐயம்கூட எழவில்லை. நிர்காத் ஏவிய இரண்டு ஏவுகணைகளில் பாகிஸ்தானின் கைபர் என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது. முதல் அடி விழுந்ததும் அந்தக் கப்பல் கரைக்கு அனுப்பிய செய்தி, விமானம் தாக்கிவிட்டது என்பதே. தங்களைத் தாக்கியது நாற்பது மீட்டர்கூட இல்லாத ஒரு படகு என்பதை அறியாமலேயே 222 மாலுமிகள் கடலுக்குள் போனார்கள். வீர் அடித்ததில் முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பலும் 33 பேரும் போனார்கள். நிபாத்தின் ஏவுகணைகளுக்குச் சரக்குக் கப்பல் வீனஸ் சேலஞ்சர் இரையானது, ஷாஜஹான் என்ற நாசகாரி முடமானது. கைபரும் ஷாஜஹானும் 1965இல் துவாரகைக்கு வந்த அணியில் இருந்த கப்பல்கள்.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 8 இரவு, கொந்தளிப்பான கடலில் வினாஷ் என்ற ஒற்றைப் படகு தல்வார், திரிசூல் என்ற போர்க்கப்பல்களின் துணையோடு மறுபடி போய் நான்கு ஏவுகணைகளையும் ஏவியது. கராச்சித் துறைமுகப் பகுதியான கியமாரியின் எண்ணெய்த் தொட்டிகள் பல நாள் எரிந்தன. மறுநாளே அதற்கு விலையும் கொடுத்தோம். டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கியதில் நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் திரும்பவில்லை. டிசம்பர் 4 கடற்படை நாளாக ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. இரண்டு பக்கமும் கடலில் கிடக்கிறவர்களை அந்த நாளில் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். நீரில் மூழ்கிய மாலுமியின் வீட்டுத் துயரத்துக்குக் கொடி கிடையாது.

படகுக்குள் இறங்கினோம். வெளியே கடற்காற்று. உள்ளே இறங்கிய மறுகணம் உடம்பு முழுக்க வேர்வை. தலையைக் குனிந்தே நடக்க வேண்டியிருக்கிறது. கேப்டன் அறை, சமையலிடம், படுக்கைகள், கட்டுப்பாட்டு அறை என்று ஒவ்வொன்றிலும் சீருடை அணிந்த பொம்மைகளை வைத்திருக்கிறார்கள். முப்பது பேர் அளவில் வேலை செய்த இடம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ரேடார்த் திரைக்கு முன்னால் ஒருவருக்கு மட்டும் இருக்கை. இந்த வகைப் படகின் ரேடார் அன்றைக்கு நம்மிடமிருந்த பல பெரிய கப்பல்களின் ரேடாரைவிடத் தொலைவாகப் பார்க்கக்கூடியது. நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு புள்ளியைத் திரையில் பிடித்துவிட்டால், ஏவுகணை கிளம்பிப்போய்க் கடைசிக் கட்டத்தில் தன் மூக்கிலிருக்கும் ரேடாரால் தானே இலக்கைத் தேடிக்கொள்ளும். படகு திரும்பி ஓட்டமெடுக்க வேண்டியதுதான். நின்று சண்டையிடும் கனமும் கவசமும் அதற்கு இல்லை.

ஏவுகணைக்கு எரிபொருள் நிரப்புவது தனி ஆபத்து. ஒரு தொட்டியில் திரவ எரிபொருள், இன்னொன்றில் நைட்ரிக் அமிலம் கலந்த ஆக்சிஜனேற்றி. இரண்டும் தொட்ட மாத்திரத்தில் தீப்பற்றும். இரண்டின் புகையும் நஞ்சு. ரப்பர் உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, வெயிலில், கரையிலேயே அந்த வேலையைச் செய்வார்களாம். "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல. ஆனா அவங்க அத நிரப்பிட்டு வந்து நின்னா, பக்கத்துல யாரும் பீடி பத்த வைக்க மாட்டோம். எங்க மூச்சே கொஞ்சம் கம்மியாத்தான் வரும்" என்றார் மாமா.

எஞ்சின் அறைக்குள் இறங்கும் குறுகலான ஏணியை அவர் என்னைவிட வேகமாக இறங்கினார். கீழே போனதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஒரு குழாயின்மேல் கையை வைத்தபடி நின்றார். இந்தப் படகுக்கு மூன்று டீசல் எஞ்சின்கள். ஒவ்வொன்றும் 5,000 குதிரைத்திறன். ஒவ்வொன்றிலும் 56 சிலிண்டர்கள், நடுத்தண்டைச் சுற்றி நட்சத்திர வடிவில் அடுக்கடுக்காக. லாரி எஞ்சினைப் பார்த்துப் பழகிய யாருக்கும் இதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்றே புரியாது. மூன்றும் சேர்ந்து ஓடினால் படகு மணிக்கு எழுபது கிலோமீட்டரைத் தொடும்.

"இந்த இடுக்குல கைய விட்டுத்தான் இன்ஜெக்டர் கழட்டணும். கை வெளிய வரும்போது தோல் அங்கேயே இருக்கும்" என்று ஒரு மூலையைக் காட்டினார். "மூணும் ஓடுற சத்தத்துல வாயத் தொறந்து பேசிப் பிரயோசனம் இல்ல. கையக் காட்டித்தான் பேசுவோம். கரைக்கு வந்து ரெண்டு நாளாகும் காது திறக்க. மேல கேப்டனுக்கு எதிரி தெரியுவான், கடல் தெரியும். எங்களுக்கு மீட்டர்தான் தெரியும். எண்ணெய் பிரஷர் எறங்குதா, சூடு ஏறுதா. அம்புட்டுத்தான்."

நான் பார்த்த போர் நூல்களில் எஞ்சின் அறைக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது. ஏவியவருக்கு விருது, திட்டமிட்டவருக்குப் புகழ். யாதவுக்கு மகாவீர் சக்கரமும் படகுகளின் கேப்டன்களுக்கு வீர் சக்கரமும் கிடைத்தன. அவை தகுதியான விருதுகள். ஆனால் முழு வேகத்தில் போய், ஏவிய கணத்திலேயே முழு வேகத்தில் திரும்ப வேண்டிய ஒரு படகில், ஓர் எஞ்சின் நின்றுபோனால் எல்லோரும் பிணம். அந்தக் கூண்டுக்குள் கண்ணாடி மீட்டர்களையே பார்த்துக்கொண்டு, வெளியே என்ன நடக்கிறது என்பது தெரியாமல் நின்றவர்களின் துணிவுக்கு எந்த அளவுகோலும் இல்லை. அந்த ஏணியடியில் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான். சிறு படகின் பலம் அதன் உருளைகளில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். படகைக் கொண்டுபோய்ச் சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்தவர்களிடம்தான் அதில் பெரும்பங்கு இருக்கிறது.

படகுக்கு அருகிலேயே இப்போது ஒரு பெரிய விமானமும் காட்சிக்கு வந்திருக்கிறது. டுபோலெவ் 142. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது அந்நியமில்லை. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளித் தளத்திலிருந்து இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கண்காணித்து, 2017 மார்ச் மாதம் ஓய்வு பெற்ற விமானங்களில் ஒன்று. அரக்கோணம் பக்கத்து ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அதன் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை விசிறிகளின் இரைச்சல் நினைவிருக்கும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து பார்க்கும் கண்ணும், கரையோரம் காத்திருக்கும் கையும் ஒரே மணலில் நிற்கின்றன.

மதியம் கடற்கரைக்கு எதிரே ஒரு சிறு உணவகத்தில் மீன் சாப்பாடு. வறுத்த கானாங்கெளுத்தியும் புளிப்பான கோகம் சாறும். கானாங்கெளுத்திக்கு இந்தக் கரையில் பாங்கடா என்று பெயர். ஒரு காலத்தில் ராம்பணி என்ற மிகப் பெரிய கரைவலையை ஊரே சேர்ந்து இழுக்கும்போது மணல் முழுக்க அது குவியுமாம். நம் பக்கத்துக் கரைவலையின் பெரிய அண்ணன் அது. விசைப்படகுகள் வந்தபிறகு ராம்பணி குறைந்துவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு தெற்கே போகலாம் என்று ஓர் ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநருக்கு நடுவயது. மாமாவின் மும்பை இந்தியில் இருவரும் நன்றாகவே பேசிக்கொண்டார்கள். நெடுஞ்சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவில் வளைந்து போகிறது. ஊரைத் தாண்டியதும் கடல் பக்கம் முழுக்க மதில், முள்கம்பி, காவல் கோபுரம். அதற்குள்தான் சீபேர்ட் திட்டம், ஐ.என்.எஸ். கதம்பா கடற்படைத் தளம். மும்பைத் துறைமுகத்தில் வணிகக் கப்பல்களும் போர்க்கப்பல்களும் நெருக்கியடித்த நிலையில், தனித் தளம் தேவை என்று 1986 அக்டோபரில் ராஜீவ் காந்தி இங்கே அடிக்கல் நாட்டினார். 2005 மே 31 அன்று தளம் பணிக்கு வந்தது. சபல் ஓய்வு பெற்ற அதே மாதம். எதிரே தெரியும் அஞ்சதீவு, வாஸ்கோடகாமா காலத்திலிருந்து வரலாற்றில் வரும் தீவு. 1961 டிசம்பரில் அதைப் போர்ச்சுகீசியரிடமிருந்து மீட்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கியபோது ஏழு பேர் உயிரிழந்தார்கள். அன்றைக்கு அங்கே வந்த திரிசூல்தான் பத்தாண்டு கழித்து வினாஷுக்குத் துணையாகக் கராச்சிக்குப் போனது.

"எங்க ஊர் அந்த மதிலுக்குப் பின்னால இருந்துச்சு சார்" என்றார் ஓட்டுநர். ஆர்கா கிராமம். தளத்துக்காகக் கார்வார், அங்கோலா வட்டாரங்களில் சுமார் 4,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. தோடூர் போன்ற மறுவாழ்வுக் குடியிருப்புகளில் வீட்டுமனை கொடுத்தார்கள். நிலத்துக்கான இழப்பீட்டு வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய், பத்தாண்டுக் கணக்கில் இழுத்தன. "அப்பாகிட்ட வலை இருந்துச்சு. புது எடத்துலேருந்து கடல் தூரம். வலைய வித்துட்டாரு. எனக்குக் கடல் தெரியாது, ஆட்டோதான் தெரியும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. தேசத்துக்கு வேணும்னா வேணும்தானே என்றும் சொன்னார். அது என்னை இன்னும் அதிகமாகத் தைத்தது. மாமா அவர் தோளில் கை வைத்து, "எங்களுக்கு நிக்க நீங்க எடம் குடுத்தீங்க, தம்பி" என்றார். அதற்குமேல் அவர்கள் இருவரும் மீனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கடல் தெரிந்த மனிதர்கள் கரையைவிட்டுப் போவது காவலுக்கும் இழப்பு. பத்துத் தீவிரவாதிகள் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, மும்பைக்கு அருகே வந்து, 2008 நவம்பர் 26 அன்று ரப்பர் படகில் கொலாபாவின் மீனவர் குடியிருப்பில் இறங்கினார்கள். அவர்களை முதலில் கவனித்து, யார் நீங்கள் என்று கேட்டவர்கள் மீனவர்கள். ஏவுகணையும் ரேடாரும் இல்லாத மனிதர்கள். அதன் பிறகுதான் கடலோரப் பாதுகாப்பு முழுவதற்கும் கடற்படை பொறுப்பேற்றது. அதிவேக இடைமறிப்புப் படகுகளோடு சாகர் பிரஹரி பல் என்ற தனிப் படை உருவானது. கடலோரக் காவல் நிலையங்களுக்கென்று 2005 முதலே நடந்த திட்டத்தில் ஐந்து டன், பன்னிரண்டு டன் படகுகள் 204 வாங்கப்பட்டன. அவற்றில் ஏறி நிற்கிறவர்கள் போலீஸ்காரர்கள். பல மாநிலங்களில் டீசலுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆள் பயிற்சிக்கும் திண்டாட்டம் என்று தணிக்கை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. தமிழ்நாடு இதில் முந்திக்கொண்டது. 1994லேயே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தைத் தொடங்கிவிட்டது.

சபலின் வாரிசுகளும் கார்வாரில் உண்டு. கொல்கத்தாவில் கட்டப்பட்ட ஐ.என்.எஸ். தில்லாஞ்சங் 2017 மார்ச்சில் இங்கேதான் பணியில் சேர்ந்தது. சபலைவிடப் பத்து மீட்டர் நீளம். விசிறிக்குப் பதிலாக நீர்த்தாரையால் ஓடுகிறது. சபலைப் போல் கப்பலைத் தாக்கும் ஏவுகணை கிடையாது, முக்கிய ஆயுதம் 30 மில்லிமீட்டர் பீரங்கிதான். கடத்தலையும் ஊடுருவலையும் பிடிக்கவும், ஆபத்தில் இருக்கும் மீனவர்களைக் காப்பாற்றவும் அதுவே போதும். கரையோரச் சிறு படகின் வேலை மறுபடி அதன் பழைய இடத்துக்கே, துறைமுக வாசலுக்கே, திரும்பி வந்திருக்கிறது. எனக்கு இது நல்ல திசையாகவே படுகிறது.

மாலையில் காளி நதிப் பாலத்துக்குப் போனோம். 2024 ஆகஸ்ட் 7 நள்ளிரவுக்குப் பின் இங்கிருந்த பழைய பாலம் இடிந்து விழுந்தது. கூடவே ஒரு லாரியும் ஆற்றுக்குள் போனது. அதன் ஓட்டுநர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். இருட்டில், மழைக்கால வெள்ளத்தில், லாரியின்மேல் ஏறி நின்ற அவரை உள்ளூர் மீனவர்களும் போலீஸாரும் படகில் போய்க் கரைசேர்த்தார்கள். அந்த இடத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, அந்த மீனவர்கள் பெயரை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

கார்வார் கடற்கரைக்கு நாள்தோறும் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அவர்கள் நின்று படிக்கும்படி அங்கே இன்னும் சில எழுதப்பட வேண்டும். சபல் எப்போது பிறந்தது, எந்தத் தலைமுறைப் படகு, என்ன வேலை செய்தது என்பது தெளிவாக இருக்க வேண்டும். அதில் வேலை பார்த்த எஞ்சின் அறை ஆட்களுக்கு ஒரு பலகை வேண்டும். தளத்துக்காக வீட்டையும் கடலையும் விட்டுக்கொடுத்த ஊர்களின் பெயர்கள், ஆர்காவிலிருந்து தொடங்கி, அதே வளாகத்தில் கல்லில் பொறிக்கப்பட வேண்டும். உப்புக்காற்றில் நிற்கும் எஃகும் அலுமினியமும் கவனிப்பு இல்லாமல் நீண்ட நாள் தாங்காது. படகுக்கு நிரந்தரப் பராமரிப்பு நிதி ஒன்றை ஒதுக்குவது மாவட்ட நிர்வாகமும் கடற்படையும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம்தான். கோவாவுக்குப் போகிற தமிழ்ப் பயணிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. கார்வாரில் அரை நாள் இறங்குங்கள். மேல்தளத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எஞ்சின் அறை வரை போய்ப் பாருங்கள்.